சேவியர் கேட்ட இன்னொரு அளவு

தம்பி,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. நீ படித்து முடித்ததும் நித்யாவிடம் கொடு. உன் வீட்டுக்கு வரப்போகிற பெண் அவள், அவளுக்குத் தெரியவேண்டும். அவளுடைய அப்பா அம்மாவிடமும் கொடு. கல்யாண வேலையாக வந்துபோகிற சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் கொடு. உன் அம்மாவிடம் நேற்றுக் காலையில் வாயாலேயே சொல்லிவிட்டேன். பாதியில், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் பாலே இல்லை. திரும்பி வந்து மீதியையும் கேட்டாள். அதற்குப் பிறகு இதுவரை என்னோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வருத்தம் இருக்கிறது, ஆனால் வருத்தப்பட யோக்கியதை இல்லை. இந்தக் கடிதம் முழுக்க அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

உன் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். ஸ்ரீரங்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போடப்போவதாக நித்யாவின் அண்ணன் சொன்னார். விடுவேனா நான்? ரிட்டையர் ஆன மனுஷனுக்கு ஒருவர் காது கொடுத்தால் போதுமே. அளவெடுப்பது எப்படி என்று அரை மணி நேரம் வெளுத்துக்கட்டினேன். கடைசியில், "அளவு தப்புனா உயிரே போயிடும் தம்பி. எங்கூட வேலை பாத்தவன் ஒருத்தன் அப்படித்தான் போனான். நல்ல வெல்டர், ஆனா அளவுல கோட்டை விட்டுட்டான்" என்றேன். எத்தனையோ தரம் சொன்ன வாக்கியம். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிப் போயிருந்தது. நீ எதிரில் உட்கார்ந்திருந்தாய். எழுந்து வந்து என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனாய். மாப்பிள்ளைக்கு அப்பாவோடு என்ன ரகசியம் என்று சம்பந்தி வீட்டில் சிரித்தார்கள்.

தெருவில் வைத்து நீ சத்தம் போடவில்லை. "அன்னைக்கு என்னை அடிச்சீங்க பாருங்க, அப்பவே எனக்குத் தெரியும்பா. பதினஞ்சு வருஷமா தெரியும். லூர்து சித்திகிட்ட போய் நடந்ததைச் சொல்லிட்டு வந்து மேடையில என் பக்கத்துல நில்லுங்க. சொல்ல முடியலைன்னா நிக்க வேண்டாம்" என்றாய். லூர்து, நான் கதையாகச் சொன்ன அந்த வெல்டரின் மனைவி. சொல்லிவிட்டு உள்ளே போய் எல்லாருக்கும் பாயசம் எடுத்து வைத்தாய். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பெற்றவனுக்கு நிபந்தனை போடுகிறானே என்று பஸ்ஸில் காட்டூர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். இறங்கி நடக்கும்போதுதான், நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று உறைத்தது. ஆனால் உனக்கும் முழுதாகத் தெரியாது. நான் உன்னிடம் மறைத்த ஒன்று இருக்கிறது. மற்றவர்களும் படிக்கப்போவதால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

காட்டூருக்கும் திருவெறும்பூருக்கும் நடுவில், தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி இருந்த இரும்புப் பட்டறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி வேலை செய்துகொடுப்போம்; அது இல்லாத மாதங்களில் ஊருக்குள் ஷெட், கேட், மாடிக்கூரை. நான் அங்கே மார்க்கிங். வெட்டுவதற்கு முன்னால் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, எந்த இரும்பு எவ்வளவு நீளம், எங்கே வெட்டு, எங்கே துளை என்று சொல்கிறவன். நான் கோடு போட்ட இடத்தில்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். முக்கோணத்தில் ஒரு கோணத்தை விரித்தால் எதிரே இருக்கிற பக்கம் நீளும், சுருக்கினால் குறையும், பெரிய கோணத்துக்கு எதிரில்தான் பெரிய பக்கம் நிற்கும். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது இல்லை. இரும்பைத் தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்டது. நாலு பக்கச் சட்டத்தைத் தள்ளினால் ஒரு பக்கமாகச் சாயும், குறுக்கே ஒரு கம்பியை அடித்து அதை இரண்டு முக்கோணமாக்கினால் யானை முட்டினாலும் சாயாது. இருபதடிச் சட்டத்தைத் தூரத்தில் நின்று பார்த்தே, மூலைக்கு மூலை கட்டைவிரல் அளவு வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லி, டேப் போட்டுப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தப் பெயர் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

சேவியர் வெல்டர். என்னைவிட ஆறு வயது இளையவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவான். நீ அவனைச் சித்தப்பா என்பாய், அவன் மனைவி லூர்துவைச் சித்தி என்பாய். அடுத்த தெருவில் வீடு. உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவன்தான், நான் இல்லை. எனக்கு ஏது அந்தப் பொறுமை. அவனுக்கு ஒரு பழக்கம், எதையும் இரண்டு தரம் கேட்பான். "சரிதானே அண்ணே? இன்னொரு தரம் பாத்துரட்டுமா?" வெட்டுவதற்கு முன்னால் கேட்பான், வெல்டிங் வைப்பதற்கு முன்னால் கேட்பான், வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பான். பட்டறையில் அவனுக்கு 'இன்னொருதரம்' என்றே பட்டப்பெயர். வைத்தவன் நான். அவன் வாசலில் வரும்போதே "இன்னொருதரம் வந்தாச்சு" என்று கத்துவேன், எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான்.

நீ அப்போது எட்டாவது. சர்வசம முக்கோணம் நடத்தியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீ விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, அளந்து ஒடித்து, தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, "அப்பா, இங்க பாருங்களேன். ரெண்டு பக்கமும் சமம், ஒரு கோணமும் சமம். ஆனா முக்கோணம் மட்டும் ரெண்டு விதமா வருது" என்றாய். ஒரு குச்சியை ஆட்டிக் காட்டினாய். அது எதிரே கிடந்த குச்சியை ஒரு இடத்தில் தொட்டது, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் வேறொரு இடத்திலும் தொட்டது. "கோணம் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கணும்பா. அப்பத்தான் ப-கோ-ப, பக்கம்-கோணம்-பக்கம். வேற மூலையில இருந்தா எது நெசம்னே தெரியாது" என்றாய். உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னமும் மறக்கவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் பரீட்சைக்குத்தான்டா. இரும்புல வேலை செய்யறவனுக்கு மூணு அளவு கெடைச்சாப் போதும்." நீ ஈர்க்குச்சிகளைப் பொறுக்கி மறுபடி விளக்குமாற்றில் செருகினாய்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அந்த வேலை வந்தது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் யாத்ரீகர்கள் தங்குகிற ஒரு விடுதி, மூன்று மாடி. மொட்டைமாடி அறையின் சுவரிலிருந்து தெருப்பக்கமாக நீட்டியிருந்த ஷீட் கூரை. இரண்டு ஓரமும் பக்கச்சுவரில் உட்கார்ந்திருந்தன, நடுவில் தாங்கியது ஒரே ஒரு இரும்பு முக்கோணம். சுவரோடு ஒட்டி ஆறடித் தூண். அதன் உச்சியிலிருந்து வெளியே சரிந்து இறங்கும் நாலடிச் சட்டம். தூணின் அடியிலிருந்து அந்தச் சட்டத்தின் வெளிமுனைக்குப் போகிற சாய்வான சப்போர்ட். அந்தச் சப்போர்ட் துருப்பிடித்து விழுந்துவிட்டது. சட்டம் தொங்காமலிருக்க, கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு சவுக்குக்கம்பை நிறுத்தி முட்டுக்கொடுத்திருந்தார்கள். புதுச் சப்போர்ட் செய்து மாட்டவேண்டும், அவ்வளவுதான் வேலை. அரை நாள் சமாச்சாரம் என்று நினைத்தேன். அளவெடுக்கச் சேவியரைத் தனியாக அனுப்பினேன்.

பதினோரு மணி வாக்கில் போன் பண்ணினான். "அண்ணே, தூண் ஆறடி, சட்டம் நாலடி. அடியில பழைய சப்போர்ட்டோட துண்டு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அது தூணோட நாப்பத்தோரு டிகிரி நிக்குது. சப்போர்ட் நீளத்தை நேரா எடுக்க முடியலை, அந்தரத்துல டேப்போட மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை" என்றான். சரி, எழுதிக்கொண்டு வா என்றேன். "மேல் மூலை டிகிரி எடுக்கலைண்ணே. ஷீட்டு மறைக்குது, சிமெண்டு வேற பூசி வச்சிருக்காங்க. ரெண்டு ஷீட்டைப் பிரிச்சா எடுத்துரலாம். எடுத்துரட்டுமா?" என்று கேட்டான். "ஆரம்பிச்சுட்டியா? அதான் மூணு அளவு இருக்குல்ல. போதும், வந்துடு" என்றேன். "இல்லண்ணே, இன்னொரு தரம்..." என்று அவன் இழுத்தான். நான் போனை வைத்துவிட்டேன். அவசர வேலை இருந்ததா என்று கேட்காதே, ஒன்றும் இல்லை. டீ வந்திருந்தது, ஆறிக்கொண்டிருந்தது.

இதுதான் நான் உன்னிடம் மறைத்தது. அவன் கேட்டான், தம்பி. தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற கோணத்தை, நீ ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு எனக்குச் சொன்ன அதே நடுக்கோணத்தை, எடுக்கட்டுமா என்று கேட்டான். அவன் ஆறாவதுக்கு மேல் படித்தவன் இல்லை. ப-கோ-ப என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. கையில் இருப்பது போதாது என்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. போதும் என்று சொன்னவன் நான்.

மத்தியானம் தரையில் வரைந்தேன். ஆறடிக்கு ஒரு கோடு. அதன் அடிமுனையிலிருந்து நாற்பத்தோரு டிகிரியில் சாய்வாக இன்னொரு கோடு. உச்சிமுனையில் டேப்பை அழுத்திப் பிடித்து, நாலடியில் சாக்பீஸை வைத்து வளைவாக இழுத்தேன். வளைவு சாய்வுக்கோட்டை ஒரு இடத்தில் வெட்டியது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் மறுபடி வெட்டியது. இரண்டு வெட்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு முழம். சப்போர்ட் இந்த நீளமா, அந்த நீளமா? இரண்டுக்கும் தூண் ஆறடிதான், சட்டம் நாலடிதான், அடிக்கோணமும் நாற்பத்தோரு டிகிரிதான். உன் ஈர்க்குச்சி ஞாபகம் வந்ததா என்று நீ கேட்பாய். வந்தது. சேவியரைத் திரும்ப அனுப்பி ஷீட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், ஸ்ரீரங்கம் என்ன சீமையிலா இருக்கிறது? ஆனால் அனுப்பினால் 'இன்னொருதரம்' சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்று பட்டறை முழுக்கத் தெரியும். அது எனக்குக் கசந்தது. முதலில் வெட்டிய இடத்தையே எடுத்துக்கொண்டு, மற்றதைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தேன்.

மறுநாள் காலையில் வேனில் போனோம். அவன் மாடியில், நான் கீழே தெருவில். கயிறு கட்டிச் சப்போர்ட்டை மேலே இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "எட்டலைண்ணே. ஒரு முழம் கொறையுது. இறக்கிருவோம், நாளைக்கு வேற செஞ்சு எடுத்துட்டு வருவோம்" என்றான். தெருவில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில், நான் கோடு போட்ட இரும்பை இறக்கி வேனில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. "ஒட்டு போட்டு அடிச்சுருடா, பாத்துக்கலாம்" என்றேன். சரிண்ணே என்றான். அந்த ஒரு தரம்தான் அவன் மறுபடி கேட்கவில்லை. ஒட்டுத்துண்டை வைக்க இடம் போதவில்லை என்று சவுக்குக்கம்பை நகர்த்தி, வெளியே எட்டிக் குனிந்தான். சட்டம் ஷீட்டோடு இறங்கியது, அவனும் அதோடு விழுந்தான். இடுப்பு பெல்ட் வேனில் இருந்தது. போட்டுக்கொள் என்று சொல்லவேண்டியவன் நான். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

சாயங்காலம் முதலாளியும் விசாரிக்க வந்தவரும் என்னைக் கேட்டார்கள். சேவியர் சட்டைப்பையிலிருந்து எடுத்த துண்டுச்சீட்டு மேஜைமேல் கிடந்தது. தூண் ஆறடி, சட்டம் நாலடி, கீழ்மூலை நாற்பத்தோரு டிகிரி. அவன் கையெழுத்து. "இதை வச்சு நீளம் சொல்ல முடியுமா?" என்று கேட்டார் வந்தவர். "முடியாது சார். அவன் குடுத்த அளவே இவ்வளவுதான், குறைச்சுக் குடுத்துட்டான்" என்றேன். பொய் ஒரு வார்த்தைகூட இல்லை பார். அவ்வளவுதான் கொடுத்தான். கொடுக்கிறேன் என்று சொன்னதை மட்டும் நான் விழுங்கிவிட்டேன். முதலாளி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கையைக் கழுவிக்கொண்டார். துக்கத்துக்கு வந்தவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், கடைத்தெரு என்று எல்லா வாயிலும் அது ஏறியது. சேவியர் தப்பாக அளந்தான், அவன் அளவே அவனைக் கொன்றது. நான்தான் லூர்துவிடமும் சொன்னேன். தலையைத் தடவிக்கொண்டு, வருத்தமாகச் சொன்னேன்.

அடுத்த வாரம் என் சட்டைப்பையில் இருந்த அந்தச் சீட்டின் நகலை நீ பார்த்தாய். துவைக்கப் போடும்போது அம்மா எடுத்து மேஜையில் வைத்திருக்கிறாள். நீ அதைக் கணக்கு நோட்டில் வரைந்து, இரண்டு முக்கோணத்தையும் போட்டு, என்னிடம் கொண்டுவந்து நீட்டினாய். "அப்பா, இது நடுவுல இருக்கற கோணம் இல்லையே. இதை வச்சு ரெண்டு வரும்னு உங்களுக்குத் தெரியுமேப்பா, நான் காட்டினேனே. சித்தப்பா இன்னொரு தரம் கேக்கலையா? அவரு எப்பவும் கேப்பாரே" என்றாய். அறைந்தேன். அதுவரை உன்னை நான் அடித்ததே இல்லை. கன்னத்தில் என் விரல் பதிந்திருந்தது. "கேக்கலை" என்று கத்தினேன். நீ நோட்டை மூடிக்கொண்டு போனாய். பெரியவர்கள் விஷயத்தில் குறுக்கே பேசினான், அதனால் அடித்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அதை இந்தப் பதினைந்து வருஷமும் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு நீ என் முன்னால் கணக்கு நோட்டை விரித்ததில்லை. இன்ஜினியரிங் சேரச் சொன்னேன், மாட்டேன் என்றாய். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. பிடிவாதக்காரன் என்று ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொண்டேன். நம் வீட்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும்போதெல்லாம் காவிரிப் பக்கத்து அம்மாமண்டபம் வழியாகவே கூட்டிப்போவேன், கொள்ளிடக்கரைத் தெருக்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டேன். அப்பாவுக்கு அந்தப் பக்கம் ஆகாது என்று அம்மா சிரிப்பாள், நீ சிரிக்கமாட்டாய். நீ எனக்கு மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் எதையும் என்னிடம் கேட்பதை விட்டுவிட்டாய். என்ன படிக்கலாம், எந்த ஊரில் வேலைக்குப் போகலாம், எந்தப் பெண்ணைக் கட்டலாம், எதையும் கேட்கவில்லை. முடிவெடுத்த பிறகு வந்து சொல்வாய். அது எனக்கு வலித்தது என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். ஒரு தரம் உண்மையைக் கேட்டதற்கு அடி வாங்கியவன், இரண்டாம் தரம் ஏன் கேட்கவேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை லூர்து வீட்டுக்குப் போனேன். பூசை முடிந்து அவளும் மகள் பிரின்சியும் அப்போதுதான் வந்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "என்ன அண்ணே, பத்திரிகையைத்தான் தம்பி போன வாரமே வந்து குடுத்துட்டுப் போச்சே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். உனக்கு இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன், போன், டீ, இரண்டு வெட்டு, செருப்புக் கால், ஒட்டு, எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் மூச்சுவிடாமல் சொன்னேன். லூர்து சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பிரின்சி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தாள். "பெரியப்பா, அப்பா கேட்டாரா? நெசமாவே கேட்டாரா?" என்றாள். கேட்டான்மா என்றேன். "என்னன்னு கேட்டாரு, அப்படியே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். மூன்று தரம் சொன்னேன். அப்பா செத்தபோது அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது.

லூர்து அழுவாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்றெல்லாம் நினைத்துப் போயிருந்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். "கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏத்தப் போறேன் அண்ணே. ஏத்திட்டு ஜெபம் சொன்னதே இல்ல. ஒழுங்கா அளந்திருக்கக்கூடாதா, எங்களை இப்படி விட்டுட்டுப் போனியேன்னு அந்த மனுஷனைத் திட்டிட்டுத்தான் வருவேன்" என்றாள். பிறகு பிரின்சியைக் காட்டி, "இவ இன்ஜினியரிங் டிப்ளமோ படிக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னா. உங்கப்பனுக்கே அளவு வரலை, உனக்கு எங்கேருந்து வரும்னு சொல்லி வேற படிப்புல சேத்து விட்டேன். என் வாயால சொன்னேன். அதை இப்ப நான் எங்க போய்த் திருப்பி வாங்குறது?" என்று கேட்டாள். சேவியரைக் கொன்றதோடு நான் நிறுத்தவில்லை என்று அங்கே நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. செத்த பிறகும் அந்த வீட்டில் அவனுக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கவேண்டும், அதையும் எடுத்துக்கொண்டேன்.

"தம்பி சொல்லித்தானே வந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அது சொல்லலைன்னா வந்திருப்பீங்களா?" என்றாள். வந்திருக்கமாட்டேன் என்றேன். பொய் சொல்ல வேண்டாமென்று போனவனுக்கு, அதிலும் சொல்லவேண்டாம் என்று பட்டது. அப்புறம், "கல்யாணத்துக்கு நாங்க வருவோம். அது எங்க புள்ள, அவரு தூக்கி வளத்த புள்ள. மேடையேறி ஆசீர்வாதம் பண்ணிட்டுத்தான் வருவோம். ஆனா நீங்க அங்க இருக்கக்கூடாது அண்ணே. அந்த மேடையில உங்களைப் பாத்துட்டு என்னால கீழ உக்காந்து சாப்பிட முடியாது" என்றாள். சரி என்றேன். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. என்னை வெளியே போகச் சொல்லவும் இல்லை, நானாகத்தான் வந்தேன். பிரின்சி வாசல்வரை வந்து கதவைச் சாத்தினாள்.

ஆகவே தம்பி, நான் உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன். சொல்லிவிட்டு வந்து நில்லுங்கள் என்றாய். சொல்லிவிட்டேன், நிற்க முடியாது. இது உன்னால் வந்தது என்று ஒரு நாளும் நினைக்காதே. நீ அந்த நிபந்தனையைப் போட்டிருக்காவிட்டால் நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, சேவியர் பெயரைக் கெடுத்த அதே வாயால் உனக்கு ஆசீர்வாதம் சொல்லியிருப்பேன். லூர்துவிடம் போய் எனக்காகப் பேசாதே. அம்மாவைத் தூது அனுப்பாதே. ஒரே ஒரு நாள்தானே, மனசு மாறட்டும் என்று யாராவது சமாதானம் பேச வந்தால் அவர்களையும் தடுத்துவிடு. அவள் பதினைந்து வருஷத்துக்கு ஒரே ஒரு நாளைக் கேட்டிருக்கிறாள். அதில் பேரம் பேசுகிற அளவுக்கு உன் அப்பாவை இன்னும் கேவலமாக்க வேண்டாம். உன் பெரிய மாமா என் இடத்தில் அம்மாவோடு உட்காரட்டும்.

மகன் கல்யாணத்துக்கு அப்பன் நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நித்யா உன்னிடம் எதையாவது, சரிதானா, மறுபடி பார்த்துவிடலாமா என்று கேட்டால், போதும் என்று சொல்லிவிடாதே. அவளுக்கு அதற்காக ஒரு கேலிப்பெயர் வைத்து நாலு பேர் முன்னால் சிரிக்காதே. கேட்கிறவர்கள் உன்னைச் சந்தேகப்படவில்லை. உன்னிடம் இல்லாத ஒரு அளவு அவர்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பேருக்கு மூன்று விஷயம் ஒத்துப்போனால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதே, எங்கே ஒத்துப்போகிறது என்று பார். இதை எனக்கு நீ எட்டாவது படிக்கும்போதே சொல்லிக்கொடுத்தாய். நான் கற்றுக்கொள்ள ஒரு ஆள் சாகவேண்டியிருந்தது. அன்றைக்கு அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

முகூர்த்தத்தன்று நான் வீட்டில்தான் இருப்பேன். தாலி கட்டும் நேரம் எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் உங்கள் இரண்டு பேரையும் நினைத்துக்கொள்வேன். போட்டோ எடுக்கும்போது இடம் விட்டு நிற்க வேண்டாம், நெருங்கி நில்லுங்கள். மாப்பிள்ளையின் அப்பா எங்கே என்று மண்டபம் முழுக்கக் கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளிக்காதே. கல்யாண வீட்டில் சொல்கிற பேச்சில்லைதான், ஆனாலும் லூர்துவும் பிரின்சியும் காதால் கேட்கும்படி, கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்: சேவியர் சரியாகத்தான் கேட்டார், தப்புச் செய்தது என் அப்பா.

அப்பா